கடலுக்கு ஒரு வாளி

"எலுமிச்சம்பழம் எடுத்து வச்சாச்சா? பை? இன்னும் நாலு பை சேத்து வை, போன தடவை பத்தலை!" சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"எல்லாம் முன் சீட்டுல வச்சாச்சும்மா" என்றாள் பெரியவள். வயது பத்துதான். பேச்சில் மட்டும் ஒரு மாமியார் களை.

அந்த மலையூரிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடற்கரைக்குப் போய்விடலாம். ஊரில் பாதிப் பேர் போய் வந்துவிட்டார்கள். இந்தக் குடும்பமும் மாமாவின் வேனில் இரண்டு தடவை கிளம்பியது. இரண்டு தடவையும் பாதி மலைகூட இறங்காமல் திரும்பி வந்தது. கடலுக்கும் இவர்களுக்கும் நடுவே நின்றது தூரம் இல்லை, ஒரு வயிறு. வேனைக் கழுவிக் கழுவிக் களைத்துப்போன மாமா, அதற்கப்புறம் இந்தத் தெருப்பக்கமே வண்டியைக் கொண்டுவருவதில்லை.

அதனால்தான் போன வாரம் ஒரு பழைய கார் வாங்கினார்கள். வாசலில் அதன் டிக்கியோடு அப்பா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்துக்கொண்டே கண்டக்டரிடம் கதை பேசுகிறவர். இந்தத் துக்கடா டிக்கிதான் அவரைத் திணறடித்தது.

"கடலுக்குப் போறோமா, வீடு காலி பண்றோமா? நாலு தலையணை எதுக்கு?"

"எங்களுக்கு ரெண்டு. பொம்மைக்கு ஒண்ணு."

"நாலாவது?"

"பொம்மையோட பாப்பாவுக்கு" என்றாள் பெரியவள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அப்பா பெருமூச்சு விட்டு நாலையும் திணித்தார். அதற்குள் சின்னவன் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"இது எதுக்குடா?"

"கடல்ல கொஞ்சம் எடுத்துட்டு வரணும்ப்பா. எங்க மிஸ்ஸுக்குக் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன்."

"சரி, கொண்டா. டிக்கில போட்டுடலாம்."

"டிக்கி வேணாம்ப்பா. கையிலயே இருக்கட்டும். வழியில வேணும்."

அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் மறு கையில் இருந்த பிஸ்கட் பாக்கெட் அப்போதுதான் கண்ணில் பட்டது.

"டேய், கார்ல அதைப் பிரிக்கவே கூடாது. அந்த கிரீம் வாசனை ஒண்ணு போதும், வயித்தைப் புரட்டிடும்!"

சின்னவன் பாக்கெட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான்.

கைப்பையோடு வெளியே வந்த அம்மா கேட்டாள். "காலையில வெறும் ரொட்டிதானே?"

"அதுலயும் பாதிதான். நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்" என்று சாட்சி சொன்னாள் பெரியவள். "முன் சீட்டு, ஜன்னலோரம். கண்ணாடி இறக்கியே இருக்கணும். நேரா ரோட்டைத்தான் பாக்கணும். குனியக் கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம்மா." ஒப்பித்து முடித்தவள் குரல் சட்டென்று கம்மியது. "இந்தத் தடவையும் திரும்பி வந்தா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன். கடல் பாக்காதது எங்க கிளாஸ்ல நான் ஒருத்திதான். போன தடவை என் புது கவுனும் போச்சு, கடலும் போச்சு. எல்லாம் சில பேரால."

அப்பாவுக்குச் சுருக்கென்றது.

"யாரும் ஆசைப்பட்டு வாந்தி எடுக்கறதில்ல. அது உடம்பு வாகு. சும்மா சும்மா அதையே சொல்லிக் காட்டாதே!"

சின்னவன் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான். கண் நிறைந்துவிட்டது. "இன்னிக்குக் கடல் பாத்துடுவோம்லப்பா?"

அவன் தலையைத் தடவிக்கொடுத்த அப்பாவுக்குப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மழை வரும்போல இருக்கே. பேசாம அடுத்த மாசம் வச்சுக்கலாமா?"

"சொன்ன வாக்கு என்னாச்சு?" அம்மா இடுப்பில் கை வைத்தாள். "குடுத்த வாக்கை மழைல கரைக்கப் பாக்குறீங்களா?"

அப்பா வாயை மூடிக்கொண்டார். டிக்கியும் ஒருவழியாக மூடிக்கொண்டது. பிள்ளைகள் இரண்டும் முண்டியடித்துப் பின் சீட்டில் ஏறின.

அம்மா ஸ்டீரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து, மடிப்புக்கூடக் கலையாத உறையில் இருந்த தன் புத்தம் புது லைசென்ஸை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"'நீ மட்டும் பாஸ் பண்ணிடு, நான் கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்து வர்றேன்'னு ஊர் கேக்கச் சிரிச்சது யாரு? ஏறுங்க."

நுணலும் தன் வாயால் கெடும். ஸ்டீரிங் கையில் இருந்தால் எந்த மலைக்கும் அசையாத, அது கையில் இல்லாவிட்டால் முதல் வளைவையே தாங்காத பஸ் டிரைவர், முன் சீட்டு ஜன்னலோரம் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்தார்.

பின்னாலிருந்து ஒரு சிவப்பு வாளி நீண்டு அவர் மடியில் இறங்கியது.

"பயப்படாதீங்கப்பா. கடல் வர்ற வரைக்கும் இது உங்களுக்குத்தான்."