வாய்தா பெஞ்ச்

"கப்பு நமக்குத்தான்னு போன வாய்தாவிலேயே சொன்னேன், கேட்டீங்களா?" என்றார் ஐயாவு.

"குருட்டாம்போக்குல சொல்லிட்டுப் பெருமையைப் பாரு!" நாகநாதன் சிரித்தபடி பட்டாணிப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அது கிடக்கட்டுங்க. தங்கம் ஏன் இப்படி ஏறுது?"

"அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் முறைச்சுக்கிட்டா, நம்ம வீட்டு மூக்குத்திக்குக் கேடு."

மாயவரம் கோர்ட்டு வாசல் பெஞ்சில் ஒன்பது வருஷமாக இதே கச்சேரிதான். கிரிக்கெட், சினிமா, சண்டை என்று இருவரும் அலசாத சங்கதி இல்லை. வாய்தா நாள் என்றால் ஐயாவு முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார். ஊரில் இது நடக்காது. அங்கே நாகநாதன் எதிரே வந்தால் ஐயாவு இன்றும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். பெஞ்சுக்கு அந்த வழக்கம் தெரியாது.

டவாலி கூப்பிட்டார். இருவரும் உள்ளே போனார்கள்.

கால் மணி நேரத்தில் திரும்பியபோது நாகநாதன் முகம் தொங்கிப்போயிருந்தது. ஐயாவு முகமும் அப்படித்தான்.

பின்னாலேயே ஓடிவந்த வக்கீல், ஐயாவு கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்னய்யா, ஜெயிச்சுட்டு இப்படி நிக்கிறீங்க? மூணு மா குத்தகை நிலத்தை விட்டு நாகநாதன் இனிமே உங்களைக் கிளப்ப முடியாது. கோர்ட்டுக்கு அலையுற வேலையும் விட்டுச்சு!"

ஐயாவு பெஞ்சைப் பார்த்தார். பாதிப் பட்டாணி அப்படியே இருந்தது. தயங்கித் தயங்கி நாகநாதன் அருகே போனார்.

"ஐயா, அப்பீல் போடுவீங்கள்ல?"