ஹாம்பர்க் வேலை

இன்டர்வியூவுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. திருவொற்றியூர் மாடி வீட்டில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள் மகிழினி.

"நைனா, நடுவுல பூந்து எதுனா பேசிடாத."

"நா இன்னாத்துக்குப் பேசப் போறேன்?" என்றார் சுப்பராயன். கண்டெய்னர் யார்டில் முப்பது வருஷம் கூலி வேலை பார்த்தவர். "கல்யாணம் ஆச்சா, கொயந்த கீதான்னுலாம் கேக்குறதுண்டா?"

"ஜெர்மனில அத்தக் கேக்கவே கூடாது. ஒடம்பு முடியலன்னா ஆறு வாரம் வரைக்கும் முழு சம்பளம். அங்க அதான் சட்டம்."

சுப்பராயன் தன் காலைத் தடவிக்கொண்டார். கண்டெய்னர் கதவில் கால் நசுங்கி அவர் மூன்று மாதம் படுத்திருந்தபோது, யார்டிலிருந்து வந்தது ஒரே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.

அரை மணி நேரம் பேச்சு இங்கிலீஷில் ஓடியது. திரையிலிருந்த ஜெர்மன் பெண் சிரித்துக் கையசைத்து மறைந்தாள்.

"இன்னாம்மா, ஓகேவா?"

"ஓகே நைனா! அந்தப் பொண்ணு ஒண்ணாந்தேதி சேருது. நம்ம கம்பெனியோட ஹாம்பர்க் ஆபீசுக்கு மொத ஆளு!"

"கல்யாணம் ஆன பொண்ணா?"

"அத்த நான் கேட்டா என் மேலயே கேஸ் போட்டுடும்!"

சுப்பராயன் தயங்கினார். "அந்த ஆறு வாரம்... அந்தப் பொண்ணுக்கு மட்டுந்தானா?"

"எண்ணூர்ல நம்ம யார்டு ஆளுங்களுக்கும்தான். காலைலயே நோட்டீஸ் ஒட்டிட்டேன்."

நசுங்கிய காலை ஊன்றி, சுப்பராயன் மெல்ல எழுந்து நின்றார்.

"இன்னா நைனா, எங்க போற?"

"எங்கயும் போவல. மொதலாளி முன்னால நின்னுதான் பயக்கம்."

அவர் கையைப் பிடித்து இழுத்தாள் மகிழினி.

"நம்ம கம்பெனில அந்த ரூலு கெடையாது. குந்து நைனா."