பெர்தலானின் காது

காலண்டரில் இன்று பெர்தலான் பெயர்நாள்; பெர்தலான்களை ஊரே வாழ்த்தும் நாள். எங்கள் டானூப் கரை ஊரின் மண்டபச் சுவரில் அந்தப் பெயர்கொண்ட பெரியவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. காலரா வந்தபோது ஓடாமல் ஊரோடு கிடந்து செத்த டாக்டர் பெர்தலானின் படம் தொங்கிய ஆணியில் மட்டும் இன்று மேயர் பெர்தலானின் படம் இளிக்கிறது. டாக்டர் கழிவறைக் கதவோரம், துடைப்பத்துக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறார். "செத்தவரு கோவிச்சுக்கவா போறாரு?" என்று பன்றிக்கொழுப்பு மின்னும் உதட்டோடு மேயர் கேட்க, மண்டபமே சிரிக்கிறது. வழக்கப்படி எல்லோரும் வரிசையில் வந்து அவர் காதைப் பிடித்து இழுத்து, "இது கணுக்காலைத் தொடுற வரைக்கும் நல்லா இருங்கய்யா!" என்று வாழ்த்துகிறார்கள். சிவந்து, வேர்த்து, மயிர் முளைத்த காது. என் முறை வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். "என்ன டீச்சரம்மா தயக்கம்? இழுங்க," என்று தலையைச் சாய்த்துக் கொடுக்கிறார். பிய்த்தெறியும் வெறியோடுதான் பிடிக்கிறேன். "நல்லா இருங்கய்யா," என்கிறது என் வாய்.