பதினேழாம் நம்பர் சவுக்கு

ஒரே ஒரு வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, செத்துப்போன நாற்பத்திரண்டு பேரை நான் உயிரோடு எழுப்பினேன்.

நம்ப மாட்டீர்கள். தலைமையாசிரியர் சந்தனசாமியும்தான் நம்பவில்லை. "ஏசு ஆண்டவரே மூணு பேரைத்தான்யா எழுப்புனாரு. உமக்கு நாப்பத்திரண்டு கேக்குதா?" என்று டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

காரைக்காலில் காடு என்று எதுவும் கிடையாது. அந்த இல்லாத காட்டை முப்பது வருஷம் காவல் காத்து, ஓர் இலைகூடக் களவு போகாமல் ஓய்வு பெற்றவன் நான்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், பட்டினச்சேரிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காடு வளர்ப்பு சொல்லித்தரக் கூப்பிட்டார்கள். கரையில் நாற்பத்திரண்டு சவுக்குக் கன்று நட்டோம்.

வெறும் கன்று என்றால் ஆடு தின்னும். மீந்ததை அடுப்பு தின்னும். அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு தகரம் கட்டினேன். தகரத்தில் ஒரு நம்பர், அலை கொண்டுபோன ஒருவரின் பெயர். அந்த வீட்டுப் பிள்ளைதான் அந்த மரத்துக்குப் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை காலையில் பெயர் கூப்பிடுவேன். பிள்ளை மரத்தைத் தொட்டுக்கொண்டு சொல்ல வேண்டும்: "உள்ளேன் ஐயா!"

அப்புறம் பார்க்க வேண்டுமே! குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் பிள்ளைகள் கொண்டுவந்து ஊற்றின. கவியரசன் என்றொரு பயல் மூச்சிரைக்க ஓடிவந்தான். "தாத்தாவுக்கு மேலுக்கு முடியலைங்க ஐயா, நுனி காயுது!" போகும்போது மரத்தடியில் ஒரு பீடியும் வைத்துவிட்டுப் போனான்.

சவுக்கு வளர்ந்த வேகத்தில் பறந்துபோன கொக்குகள் மண்டையில் அடிபட்டு விழுந்தன. கடல் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் அலையடித்தது.

"மரம்யா அது. வெறும் மரம்," என்பார் சந்தனசாமி. "புள்ளைங்க மனசுல விளையாடாதேயும்."

இரண்டாயிரத்து எட்டு, ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. பதினாறு பெயர் வரை ஒழுங்காகப் போயிற்று. பதினேழு, பங்கஜவல்லி. பதில் இல்லை. மரமும் இல்லை. அடிக்கட்டையில் ஈரம் இன்னும் காயவில்லை. பங்கஜவல்லியின் மகள் அல்லியையும் காணோம்.

மணலில் மரத்தை இழுத்துப்போன தடம் மட்டும் இருந்தது.

எனக்கு ஒரே குஷி. இப்படி ஒரு திருடனுக்காகத்தானே மூன்று வருஷமாகக் காத்திருந்தேன்! இவனைச் சும்மா விட்டால் மீதி நாற்பத்தொன்றும் போய்விடும். பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தடத்தின் மேலேயே நடந்தேன். பின்னால் முப்பது பிள்ளைகள். அவர்களுக்கும் பின்னால், "வேணாம்யா, நல்ல காரியம் நடக்குற வீடு," என்றபடி சந்தனசாமி.

தடம் அல்லியின் அப்பா முத்தையன் வாசலில் முடிந்தது. அங்கே பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

முத்தையனுக்கு இரண்டாம் கல்யாணம். பெண்ணுக்கு முதல் கல்யாணமாயிற்றே, பந்தல் போட்டே ஆகவேண்டும் என்று திருவேட்டக்குடியிலிருந்து வந்த பெண்ணின் அத்தை சாரதாம்பாள் ஒற்றைக்காலில் நின்றாள். அவள் போட்ட இன்னொரு நிபந்தனையும் ஊருக்கே தெரியும். "மூத்த புள்ள அம்மா அம்மான்னு நின்னுச்சுன்னா எங்க பொண்ணு அங்க வாழ முடியாது. தட்டைத் தூக்கிக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்போம்."

அல்லிக்குப் பத்து வயது. இடுப்பில் நான்கு வயதுத் தம்பி. மூன்று வருஷமாக அந்த வீட்டில் சோறு வடிப்பவள் அவள்தான். பள்ளிக்கூடத்துப் பக்கம் வெள்ளிக்கிழமை மட்டும் வருவாள். சின்னம்மா வந்துவிட்டால் தினமும் வரலாம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அட, மரக்காரரு பள்ளிக்கூடத்தையே கூட்டிக்கிட்டு வந்துட்டாரு! உக்காருங்க, காபி குடிங்க," என்றாள் ஒருத்தி.

உட்கார்ந்தேன். ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தேன். நல்ல காபி.

எதிரே குழிக்குள் நின்றது என் பதினேழு. பட்டையைச் சீவி, மஞ்சள் பூசி, உச்சியில் மாவிலை கட்டியிருந்தார்கள். சுமங்கலிகள் ஐந்து பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சத்தம் போடவில்லை. ஒருவரையும் திட்டவில்லை. எழுந்து நின்று பதிவேட்டை விரித்தேன்.

"பங்கஜவல்லி!"

தவில் நின்றது.

பால் ஊற்றச் செம்பைத் தூக்கிய முத்தையன் தூக்கியபடியே நின்றான். சாரதாம்பாளின் கை தாம்பூலத் தட்டுக்குப் போயிற்று. அவள் கண் அல்லியின் மேல். முப்பது பிள்ளைகளின் கண்ணும் அல்லியின் மேல்.

எனக்கு உள்ளங்கால் வரை இனித்தது. இனி எந்தப் பயலாவது என் சவுக்கில் கை வைப்பானா?

அல்லி தம்பியை இறக்கிவிட்டு மரத்தருகே வந்தாள். பழக்கத்தில் கை தானாக அதன் மேல் போயிற்று.

இன்னொரு தடவை கூப்பிட்டேன். கொஞ்சம் ராகம் போட்டே கூப்பிட்டேன்.

அவள் உதடு "உ" என்று குவிந்தது. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். கையை எடுத்து, ஒட்டியிருந்த மஞ்சளைப் பாவாடையில் துடைத்தாள்.

"வரலைங்க ஐயா."

சாரதாம்பாள் தட்டிலிருந்து கையை எடுத்தாள். தவில்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள். முத்தையன் பாலை ஊற்றினான்.

பதினேழுக்கு நேரே, வரவில்லை என்று நான் சுழி போட்டேன். சட்டம் சட்டம்தானே. நிமிர்ந்தபோது பக்கத்தில் சந்தனசாமி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டிருந்தார்.

"உசுரோடதான்யா இருந்திருக்கா," என்றார். "இப்பத்தான் போறா."