மலைக்கு ஒன்று, பைபாஸுக்கு ஒன்று

சாக்குத் துணியின் மேல் இரண்டும் கிடந்தன.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

அவருடைய பழைய காண்டசா கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஜாக்கியில் நின்றது. பின் அச்சின் வயிறு திறந்து கிடந்தது. உள்ளே இருந்த பழைய பல்சக்கரங்கள் தேய்ந்துபோய், போன மாதம் முழுக்க ஊளையிட்டிருந்தன. வேறு போட்டாக வேண்டும். இந்த வண்டிக்கென்று கடையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். மெக்கானிக் ஜேசுராஜ்தான் எங்கெங்கோ அலைந்து இரண்டு ஜோடி பிடித்து வந்திருந்தான்.

ஒன்று மலைக்கு.

ஒன்று பைபாஸுக்கு.

இரண்டுக்கும் சரிப்பட்டு வருகிற மாதிரி ஒன்று கிடையாது. மலை ஜோடியில் சின்னச் சக்கரத்துக்குப் பற்கள் குறைவு. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு எந்த வளைவிலும் முக்காமல் ஏறும். ஆனால் சமதளத்தில் எண்பதைத் தொட்டாலே இன்ஜின் கத்த ஆரம்பித்துவிடும். பைபாஸ் ஜோடி நூறில் வழுக்கிக்கொண்டு போகும். மலையில் பாதி ஏறுவதற்குள் கிளட்ச் கருகி நாறும்.

இதற்குப் போய் இவ்வளவு யோசனையா என்று கேட்பார்கள். கேட்கிறவர்களிடம் காண்டசா இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பைபாஸில் போவார். அந்த நீளமான பானட்டுக்கு முன்னால் ரோடு காலியாகக் கிடக்கும். அவினாசி வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். பக்கத்து சீட்டில் தண்ணீர் பாட்டில். வாரத்தில் அவர் சந்தோஷமாக இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது டிவிதான்.

மலை ஜோடியைப் போட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

ஆனால் மலையில் மகள் இருக்கிறாள்.

வால்பாறை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். சுகன்யா தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளைக்கு அங்கே எஸ்டேட் ஆபீஸில் வேலை. கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. வண்டி மலை ஏறாது என்று சொல்லிவிட்டார். பேத்தி பிறந்தபோதும் அதையேதான் சொன்னார்.

பஸ் என்று ஒன்று ஓடுகிறதே என்று கேட்க அப்போது மனைவி இருந்தாள். கேட்டுவிட்டு, அவளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மனுஷனுக்கு வீம்பு இருக்கலாம். இவருக்கு இருந்தது வீம்பில்லை, கொழுப்பு.

மனைவியின் சாவுக்கு சுகன்யா வந்தாள். அழுதாள். இவர் பக்கம் திரும்பாமலே கிளம்பினாள். பேத்தி மட்டும் வாசலில் நின்ற காண்டசாவின் விளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட இவருக்கு நா எழவில்லை.

போதும். போய்விட வேண்டியதுதான்.

வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டும். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய் ஓயும்வரை திட்டட்டும். அப்புறம் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வர வேண்டும். பேத்தி முன் சீட்டில்.

பைபாஸ் போனால் போகட்டும்.

"மலைக்குண்டானதையே மாட்டீரு ஜேசு," என்றார். "வால்பாறை போகோணும். மக வீட்டுக்கு."

சொல்லும்போதே நெஞ்சு லேசானது. மக வீட்டுக்கு. யாரிடமும் சொல்லிப் பார்த்திராத வார்த்தை.

ஜேசுராஜ் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"வால்பாறைக்கு எதுக்குங்ணா? அவங்கதான் போன ஜூன்லயே கீழ எறங்கிட்டாங்களே. ஒண்டிப்புதூர்ல, எங்கூட்டுப் பக்கந்தானுங்க. உங்க பேத்தியும் எங்க பையனும் ஒரே ஸ்கூல் வேனு."

"தெரியும்," என்றார்.

யோசிக்காமல் வந்துவிட்டது.

ஒண்டிப்புதூர்.

சிங்காநல்லூரில் இவர் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். காண்டசா வேண்டாம். பஸ்கூட வேண்டாம். செருப்பு போதும்.

மலைமேல் இருந்தவரை தூரம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. கூப்பிடு தூரத்தில் வந்து குடியிருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால், அப்பா வேண்டாம் என்றுதான் அர்த்தம். அதற்கு எந்தச் சக்கரத்தில் எத்தனை பல் வைத்து என்ன செய்ய?



எந்தத் தெரு என்று கேட்க வாய் வரை வந்தது. தெரியும் என்று சொன்ன அதே வாய். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

ஜேசுராஜ் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பைபாஸ் ஜோடியைத் தன் பக்கம் இழுத்தான்.

"அப்ப இதையே போட்டுரட்டுங்களா?"

அவர் காண்டசாவின் பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லப்பா," என்றார். "மலைக்கே போடு. நாலு பேரு ஏறோணும்."