இரண்டு விநாடி

அக்கா தன் போனை முந்தானையில் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

"இதுல ஏதோ கோளாறுடா. என்னன்னு பாரு."

அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். அன்று விடுமுறை, என் வீட்டுக்கு வந்திருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தோம். கழுத்தைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தாள். வந்ததிலிருந்து பார்க்கிறேன், வீட்டுக்குள் இது எதற்கு, குளிரா என்று கேட்டேன்.

அவள் துணியை அவிழ்த்தாள்.

காதுக்குக் கீழே ஒரு கட்டி. எலுமிச்சம்பழம் அளவு இருந்தது.

எட்டு மாதமாக இருக்கிறதாம். முதலில் பட்டாணி அளவுதானாம். பக்கத்து டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைச் சும்மா விடக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே நேரம் வாங்குவதெல்லாம் ஆன்லைனில்தான். அடுத்த வருஷம் வரை நிரம்பிக் கிடந்தது. யாராவது ரத்து செய்தால் காத்திருக்கிற எல்லாருக்கும் செய்தி வரும். முதலில் அழுத்துகிறவருக்கு அந்த இடம்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். உனக்கு இருக்கிற வேலையில் இது வேறயா என்றாள்.

போனை இஸ்திரி மேஜை ஓரத்திலேயே வைத்திருப்பாளாம். மணி அடித்ததும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அழுத்துவாள். ஒரு தடவை வெள்ளைச் சட்டையின் கை கருகிப்போய் முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்படியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. போன் மந்தமா, இல்லை தன் விரல்தான் மந்தமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

செய்திகளைத் திறந்தேன்.

'ஓர் இடம் காலியாகியுள்ளது, 11:14:06.' அதற்குக் கீழேயே, 'மன்னிக்கவும், இடம் நிரம்பிவிட்டது, 11:14:08.'

அடுத்தது 9:02:31. நிரம்பியது 9:02:33.

தள்ளிக்கொண்டே போனேன். நாற்பத்தோரு தடவை. எல்லாம் இரண்டே விநாடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மனுஷ விரல் இப்படி அழுத்தாது.

அந்த இரண்டு விநாடியை எனக்குத் தெரியும். அது நான் வைத்தது.

முடி வெட்டுகிறவரிடம் சனிக்கிழமை நேரமே கிடைப்பதில்லை என்ற கடுப்பில் ஒரு புரோகிராம் எழுதினேன். யாராவது ரத்து செய்தால் அந்த இடத்தை அதுவே பிடித்துக் கொடுத்துவிடும். காசு வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், புதிதாகச் சேர்க்கலாம் என்று பொதுவில் போட்டேன். முடி வெட்டிக்கொள்ள ஒரு புரோகிராமா என்று அக்காகூட விழுந்து விழுந்து சிரித்தாள். முன்பதிவு வாங்கும் எதிர்ப்பக்கத்துக் கம்ப்யூட்டர் திணறக் கூடாதே என்று, பிடிப்பதற்கு முன் இரண்டு விநாடி பொறுக்கும்படி வைத்திருந்தேன். அதை ஒரு மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு யார் யாரோ, வேறு இடங்களிலும் அது வேலை செய்யும்படி, அதோடு சேர்க்க இணைப்புகள் எழுதி அனுப்பினார்கள். பல் டாக்டருக்கு ஒன்று, கார் சர்வீஸுக்கு ஒன்று. ஒருவர் ஆஸ்பத்திரிகளின் முன்பதிவுக்கு எழுதி அனுப்பினார். டீ குடித்துக்கொண்டே மேலோட்டமாகப் பார்த்தேன். 'அருமை' என்று எழுதிச் சேர்த்துவிட்டேன். இன்றைக்கு நாலாயிரம் பேர் அதை வைத்திருக்கிறார்கள்.

இன்னும் மேலே போனேன். ஆரம்பத்தில் வந்த மூன்று செய்திகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. ஓர் இடம் இருபது நிமிஷம் காலியாகவே கிடந்திருக்கிறது. இன்னொன்று முக்கால் மணி நேரம்.

இதையெல்லாம் ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

அப்போது கட்டி சின்னதாகத்தானே இருந்தது, நம்மைவிட முடியாதவர் யாராவது இருப்பார், அவர் முதலில் போகட்டும் என்று விட்டுவிட்டாளாம்.

நான்காவது செய்தியின் தேதியைப் பார்த்தேன். நான் 'அருமை' எழுதியதற்கு மறுநாள்.

என்னடா, விரலா போனா என்று கேட்டாள். போன்தான் என்றேன். அப்பாடா என்று சிரித்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த இணைப்பை நான் இப்போதே நீக்கிவிடலாம். ஆனால் பொதுவில் போட்டதை, எடுத்துக்கொண்டவர்கள் கையிலிருந்து பிடுங்க முடியாது. அவர்களிடம் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

லேப்டாப்பைத் திறந்து அக்காவின் பெயரில் புரோகிராமை ஓட்டிவிட்டேன். அவளுக்கு மட்டும் இரண்டை அழித்து ஒன்று என்று போட்டேன். இனி நீ அழுத்தவே வேண்டாம், தானாகக் கிடைத்துவிடும் என்றேன்.

அவள் துணியைத் திரும்பக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். முடிச்சுப் போடும்போது ஏதோ நினைத்துக்கொண்டவள் மாதிரி சொன்னாள்.

"எனக்கு முன்னாடி முடியாதவங்க யாராவது காத்துக்கிட்டிருந்தா அவங்க போகட்டும்டா. நான் அப்புறம் போய்க்கிறேன்."

திரையில், காத்திருப்போர் பட்டியலில் அவள் வரிசை எண் இருந்தது. இருநூற்றுப் பதினாறு. லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"யாரும் இல்லக்கா" என்றேன்.