சுற்று வண்டி

“மறுபடியும் எனக்குச் சுற்று வண்டியா?”

டியூட்டி போர்டைப் பார்த்ததும் டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு காலத்தில் நெடுஞ்சாலை எக்ஸ்பிரஸ் அவர் கையில் இருந்தது. இப்போது சந்தை, நூலகம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று ஊரையே சுற்றிச் சுற்றி வருகிற குட்டி பஸ். ஓடுவது கொஞ்சம், நிற்பது நிறைய.

“விடுங்கண்ணே,” என்றாள் கண்டக்டர் பெண். “ஊர் சுத்துறதுக்கு யாராவது சம்பளம் தருவாங்களா?”

“நீ வேற! இன்னிக்குச் சுற்று வண்டி. நாளைக்கு ‘வண்டி ஓட்டவே லாயக்கில்லை’ன்னு வீட்டுக்கு அனுப்பிடுவார் பாரு, நம்ம மேனேஜர். நெஞ்சுல ஈரமே இல்லாத மனுஷன்.”

எல்லாம் ஒரு பல்வலியில் ஆரம்பித்தது. பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரை பல்லை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஓயாத பேதி. வைத்தியம் பார்த்தால் நிற்கும். நின்றுவிட்டதே என்று நிமிர்வதற்குள் மறுபடியும் கலக்கும்.

அப்படித்தான் ஒருநாள், எக்ஸ்பிரஸை நடுவழியில் ஓரங்கட்டிவிட்டுக் குதித்து, சோளக்காட்டுக்குள் ஓடினார். டிரைவரே ஓடுகிறார் என்றால் வண்டிக்கு ஏதோ ஆபத்து என்று, பயணிகள் அத்தனை பேரும் அவர் பின்னாலேயே ஓடிவந்துவிட்டார்கள்.

மறுநாளே சுற்று வண்டி. “உடம்புக்கு என்னப்பா?” என்று மேனேஜர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிரைவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். நூலகத்தில் வண்டி நின்றதும் உள்ளே பாய்வார். அங்கிருந்த காவலாளிக்கு அவர்மேல் தனி மரியாதை.

“இப்படி விழுந்தடிச்சுப் படிக்க வர்ற ஆளை நான் பார்த்ததே இல்லைங்க!”

கடைசியில் ஒரு டாக்டர் அவரைப் படுக்கவைத்து, நரம்பில் ஒரு மருந்தை ஏற்றினார்.

“இது என்ன புதுசா, டாக்டர்?”

“ஆன்டிபாடி. பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரை குடல்ல இருந்த நல்ல கிருமிகளை அழிச்சதுல ஒரு கெட்ட கிருமி குடியேறிடுச்சு. பேதிக்குத் தர்ற மாத்திரை அதைக் கொல்லுது. ஆனா அது ஒளிஞ்சிருந்து மறுபடியும் தலை தூக்கி விஷத்தைக் கக்குது. அந்த விஷம்தான் உங்களை இந்தப் பாடு படுத்துது. அது குடல்ல போய் ஒட்டுறதுக்கு முன்னாடி இந்த மருந்து அதை வளைச்சுப் பிடிச்சுக்கும்.”

“கண்டக்டர் டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்கிற மாதிரி?”

“அதேதான். மாசக்கணக்கா வண்டியை விட்டு இறங்காத கண்டக்டர்.”

பலித்துவிட்டது. வாரங்கள் போயின. வயிறு வாயைத் திறக்கவில்லை. நூலகக் காவலாளிக்குத்தான் வருத்தம்.

“என்னங்க, படிப்பை விட்டுட்டீங்களா?”

ஒரு காலைப் பொழுதில் டிரைவர் மேனேஜர் அறைக்குள் விறைப்பாக நுழைந்தார்.

“சார், எனக்கு எக்ஸ்பிரஸ் திரும்ப வேணும்.”

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். “உடம்பு?”

“இத்தனை நாள் கேட்காத உடம்பை இன்னிக்கு எதுக்கு சார் கேட்கறீங்க? ஆன்டிபாடின்னு ஒரு மருந்து ஏத்தினாங்க. கல்லு மாதிரி இருக்கேன்.”

“அப்படியா! ரொம்பச் சந்தோஷம்ப்பா. நாளையிலிருந்து எக்ஸ்பிரஸை நீயே எடுத்துக்கோ.”

டிரைவர் திகைத்துப் போனார். சண்டைக்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகள் அப்படியே இருந்தன. அவற்றை வீணாக்க அவருக்கு மனமில்லை.

“அப்படியே, சுற்று வண்டிக்கு ரூட் போட்ட புத்திசாலி யாருன்னும் சொல்லிடுங்க சார். நூலக வாசல்ல அவ்வளவு நேரம் நிக்குது. கோர்ட்டு வாசல்ல நிக்குது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை!”

“இறங்க ஒரு ஆள் இருந்தாரே,” என்றார் மேனேஜர்.

டிரைவர் ‘நானா?’ என்பதுபோல் தன் நெஞ்சைத் தொட்டார்.

“உனக்காக நான்தான் நிறுத்தங்களை மாத்தினேன். ஒவ்வொரு இடத்திலயும் கழிவறை இருக்கும். பூட்டி வைக்க மாட்டாங்க, தண்ணி வரும். மேலிடத்துல விளக்கம் கேட்டாங்க. நூலகத்துல ஜனங்க நிதானமா ஏறி இறங்கட்டும்னு சொல்லிச் சமாளிச்சேன்.”

“சார்... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சோளக்காட்டுக் கதையைச் சொல்லிச் சொல்லி டிப்போவே சிரிச்சுது. நானும் கூப்பிட்டு வயித்தைப் பத்தி விசாரிச்சா நீ கூசிப் போவியேன்னு விட்டுட்டேன்.”

எக்ஸ்பிரஸ் கிடைத்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. இந்த மனுஷனையா வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று டிரைவர் இரு கைகளையும் கூப்பினார்.

“மன்னிச்சுக்குங்க சார். ஆனா ஒண்ணு கேட்கறேன். எந்தெந்தக் கட்டடத்துல கதவு திறந்திருக்கும், எங்க தண்ணி வரும்னு இவ்வளவு துல்லியமா உங்களுக்கு எப்படி...?”

பதில் சொல்ல வாயெடுத்த மேனேஜர் சட்டென்று நிறுத்தினார். முகம் வெளுத்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், நாற்காலி சாய்வதைக்கூடப் பார்க்காமல், அறையின் மூலையிலிருந்த சின்னக் கதவை நோக்கிப் பாய்ந்தார்.

தாழ்ப்பாள் விழுந்தது.

டிரைவர் நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது:

“போயிடாதேப்பா! அந்த ஆன்டிபாடி டாக்டர் எங்க இருக்கார்னு சொல்லிட்டுப் போ!”